நாலு கதவு

அன்றைக்குக் காலையில் ஃபலனிகோ அக்காவிடம் கடைசியாகக் கேட்டது ஒரு சிட்டிகை உப்பு.

எசேத்தா வாழைக்காயைத் தோலோடு அவித்து உரித்து, டின் மீனைப் பிட்டு மேலே போட்டு டப்பாவை மூடப் போனாள். அவன் வந்து மூடியைப் பிடித்துக்கொண்டான். மரப்பட்டறைச் சட்டை போட்டிருந்தான். இடது பூட்ஸில் கயிறு கட்டாமல் தொங்கியது. சர்க்கரை வியாதியில் பெருவிரலை எடுத்த பிறகு அந்தக் கால் எந்தச் செருப்புக்குள்ளும் ஒழுங்காகப் போவதில்லை.

"அக்கா, ஒரு சிட்டிகை."

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"டாக்டரம்மா ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டா இருக்காங்க?"

"அவங்க பாக்கலன்னா என்ன, நான் நிக்கிறேன்ல."

"உப்பில்லாத வாழைக்கா நம்ம போதகர் பிரசங்கம் மாதிரி. மென்னுக்கிட்டே இருக்கேன், முடியவே மாட்டேங்குது."

அவள் ஈரத்துணியால் அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். அவன் சிரித்துக்கொண்டே டப்பாவைப் பையில் திணித்தான். "ஞாயித்துக்கிழமைக்காவது சேப்ப இலை வாங்கித் தேங்காப்பால்ல வச்சுத் தருவியா?" என்று கேட்டான்.

"இலைக்கு ரெண்டு பஸ் மாறிப் போகணும். பாப்போம், போ."

வாசற்படியில் ஒரு கையை ஊன்றி இறங்கினான். தூறல் விழுந்துகொண்டிருந்தது. கடல் தாண்டி வந்த எங்கள் தீவுச் சனம் குடியிருக்கிற கோவாய் தெருவின் மரவீடுகளுக்கு நடுவே, நொண்டும் காலைக் கொஞ்சம் முன்னால் வீசி வீசி அவன் போனதைப் பார்த்துவிட்டு, அவளும் வேலைக்குக் கிளம்பினாள்.

லாண்டரியில் ஹோட்டல் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிற உருளைக்குக் கொடுக்கிற வேலை அவளுக்கு. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, சுருக்கம் இல்லாமல் இழுத்து, சூடான உருளையின் வாயில் வைக்க வேண்டும். ஒருத்தி கொஞ்சம் முந்தினால் துணி கோணிக்கொள்ளும். அவளுக்கு எதிர்முனை ஃபினாவு. டோங்கா தீவுக்காரி, வாய் மூடாதவள். மதியச் சாப்பாடு முடிந்து மறுபடி உருளை சூடேறிய நேரத்தில் மேற்பார்வையாளர் வந்து எசேத்தாவின் தோளைத் தொட்டார். அவள் முனையை விட்டாள். விரிப்பு கோணிக்கொண்டு உள்ளே போயிற்று. ஃபினாவு ஓடிப்போய் உருளையை நிறுத்தினாள்.

பிறகு தெரிந்த கதை இதுதான். பட்டறையில் ஃபலனிகோவுக்கு நெஞ்சு அடைத்தாற்போல் இருந்திருக்கிறது. வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கிறான். கடைவரிசை நிறுத்தத்தில் இறங்கி, சாராயக்கடையில் ஒரு பெட்டி பியர் வாங்கி, நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரே ஒரு டின்னைத் திறந்திருக்கிறான். அதில் பாதிகூடக் குறையவில்லை. அப்படியே தலை தொங்கிவிட்டது. அவன் காலடியில் எத்தனையோ பஸ் வந்து நின்று போயின. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். ஒருத்தரும் அவனைத் தொட்டுப் பார்க்கவில்லை. கல்மனசு என்று அவர்களைச் சொல்லக் கூடாது. அந்தப் பெஞ்சில் பட்டப்பகலில் ஒரு ஆள் தலை தொங்கக் கிடந்தால் தூங்குகிறான் என்றுதான் அர்த்தம். வேறு தெருவாக இருந்தால் பத்துப் பேர் ஓடி வந்திருப்பார்கள்.

அந்தக் கடைவரிசையில் நாலு கதவு. முதலாவது சாராயக்கடை. அடுத்தது கோழி பொரிக்கிற கடை. மூன்றாவது பை என்கிற கறி அப்பம் சுடுகிற பேக்கரி. உள்ளே கறியும் கொழுப்பும் வைத்து மூடி, விடிகாலையிலிருந்து சூட்டுப்பெட்டியில் அடுக்கி வைத்திருப்பான். நாலாவது சூதாட்ட மெஷின் கடை. அதன் கண்ணாடிக்கு உள்பக்கம் எப்போதும் திரை போட்டிருக்கும். முன்பெல்லாம் முதல் கதவில் ஒரு காய்கறிக்கடை இருந்தது. சேப்பங்கிழங்கு, வாழைக்காய், கீரை எல்லாம் நடைபாதைவரை பரப்பி வைத்திருப்பார்கள். கட்டடத்துக்காரர் இயாகோப்போ அவர்களைக் காலிபண்ணச் சொல்லிவிட்டுச் சாராயக்கடைக்கு விட்டார். இயாகோப்போ வேற்று ஆள் இல்லை. எசேத்தாவின் சபையில் டீக்கன், அவளுடைய சொந்தத் தீவு, பக்கத்து கிராமம். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கோட்டில் முதல் வரிசையில் உட்காருவார். குடியிருப்பது மட்டும் கிழக்கே கடலோரத்தில்.

காய்கறிக்கடை போனதைக்கூட எசேத்தா பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது சந்து.

கடைவரிசைக்குப் பின்னால் ஒரு சந்து இருந்தது. கோவாய் தெரு முனையிலிருந்து பள்ளிக்கூடத்துப் பக்கத்து ரோட்டுக்கு நேரே கொண்டுபோய் விடும். அங்கேயும் ஒரு பஸ் நிறுத்தம் உண்டு. முதல்முறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஃபலனிகோ குடியை விட்டான். சத்தியம் எதுவும் பண்ணவில்லை. வழியை மாற்றிக்கொண்டான், அவ்வளவுதான். "சந்துல போனா நான் வேலைக்குப் போற ஆளு. முன்பக்கமாப் போனா நான் யாருன்னு எனக்கே தெரியாது" என்பான். போகும்போதும் சந்து, வரும்போதும் சந்து. அப்படியே இரண்டு வருஷம் ஒரு சொட்டு தொடவில்லை. ஊதியிருந்த கன்னம் வற்றி, பழைய முகம் திரும்பிவந்தது.

அது பொதுவழி என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். பத்திரப்படி அது கட்டடத்துக்காரரின் நிலமாம். சாராயக்கடைக்குச் சரக்கு இறக்குகிற லாரி நிற்க இடம் வேண்டும் என்று இயாகோப்போ இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குக் கம்பி வேலி போட்டார். எசேத்தா சபை முடிந்ததும் அவரை வாசலில் பிடித்துச் சொன்னாள்.

"டீக்கனய்யா, அந்த வழிய அடைக்காதீங்க. என் தம்பி அந்த வழியிலதான் உயிரோட நடந்துக்கிட்டு இருக்கான்."

"முன்பக்கம் நல்ல ரோடு இருக்கேம்மா. வெளிச்சம் இருக்கு, பெஞ்சு இருக்கு. யாராவது கையப் பிடிச்சு இழுக்கவா போறாங்க?"

யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லைதான். முதல் வாரம் ஃபலனிகோ எதிர்ச்சாரியில் நடந்து, பஸ் வந்த பிறகு ரோட்டைத் தாண்டி ஓடினான். அந்தக் காலோடு எத்தனை நாள் ஓடுவது? பிறகு பெஞ்சில் உட்கார்ந்தான். பெஞ்சில் எப்போதும் அவன் வயசு ஆட்கள் நாலைந்து பேர். பட்டறைக்காரர்கள், சித்தப்பா மக்கள், சபைப் பாடகர் குழுவில் கட்டைக்குரலில் பாடுகிறவர்கள். "வாடா ஃபலனிகோ, எங்கடா ரெண்டு வருஷமா? ஜெயிலுக்கா போயிருந்த?" என்று அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். பஸ்ஸோ நேரத்துக்கு வராது. கோழிக்கடைக் காற்று நேரே முகத்தில் அடிக்கும். முதலில் ஒரு பை தின்றான். பிறகு கோழி. மழைக்காலம் முடியும் முன்னால் பியர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

சாவுக்கு இயாகோப்போ பெரிய சீர் கொண்டுவந்தார். டின் மாட்டிறைச்சிப் பெட்டிகள் வாசல்வரை அடுக்கி, அவர் மனைவி சுலியேத்தா ஒரு பழைய சீர்ப்பாயை விரித்துக் காட்டியபடி நடந்துவந்தாள். தலைமுறைக்கு ஒருமுறை வெளியே எடுக்கிற பாய், பட்டு போல மெலிசு, ஓரமெல்லாம் சிவப்பு இறகு. கூட்டம் ஆகா என்றது. எசேத்தா எழுந்து போய்ப் பாயின் முனையைப் பிடித்து அப்படியே மடக்கி இயாகோப்போவின் நெஞ்சில் வைத்துத் தள்ளினாள்.

எங்கள் முறையில் உடன்பிறந்தாள் கண்ணின் கருமணி. அவள் வாய் குளிர்ந்தால் குடும்பம் தழைக்கும், வெந்தால் பட்டுப்போகும் என்று பயம் உண்டு. அதனால் அவள் வாயைத் திறந்ததும் பாடிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"என் தம்பிய முழுங்குன வாசல் உன் வாசல். அந்த வாசல் உன் வீட்டுச் சனத்தையும் பாக்கட்டும். நான் போட்ட வாக்கு, நானா எடுக்கற வரைக்கும் நிக்கும்."

பெரியப்பா மகன் சியாவோசி குடும்பத்துக்குத் தலைவர், ஊர் கூடிக் கொடுக்கிற தலைமைப் பட்டம் வாங்கினவர். அவர் பதறி, "தங்கச்சி, சாவு வீட்டுல வேணாம்" என்றார்.

"சாவு வீட்டுல வேணாம்னா கல்யாண வீட்டுலயா அண்ணே சொல்றது?"

மறுவாரம் லாண்டரியில் ஃபினாவு விரிப்பை இழுத்துக்கொண்டே கேட்டாள். "அந்தாளு வீட்டுப் பக்கம் போயிருக்கியா? நான் அங்க ஒரு வீட்டுல சுத்தம் பண்ணப் போவேன். ஒரு பை கடை கெடையாது. கீரைக்கடை மட்டும் நாலு. காலையில பாத்தா பொம்பள ஆம்பள எல்லாம் ஓடுறாங்க. யாரும் தொரத்தல, சும்மாவே ஓடுறாங்க!"

"நம்ம தெருவுல ஓடுனா?"

"போலீசு பின்னாடியே ஓடும்." ஃபினாவு சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவரு மக இருக்காளே, கல்யாணமாகி ரொம்ப நாள் கழிச்சு உண்டாயிருக்காளாம். இப்ப எழுந்திரிக்கக் கூடாதுன்னு படுக்கையில போட்டுட்டாங்களாம். ஊரெல்லாம் உன் வாய்னுதான் சொல்றாங்க" என்றாள்.

எசேத்தா துணியின் சுருக்கத்தை நீவினாள். அந்தப் பெண்ணை அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பாவம் என்று தோன்றியது. தோன்றினாலும் வாக்கை எடுக்க மனசு வரவில்லை. அவளுடைய வீட்டில் ஒரு ஜோடி பூட்ஸ் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், விடியும்போது தெரு நாய்கள் ஒன்றுசேரக் குரைத்தன. எசேத்தா திரையை விலக்கிப் பார்த்தாள். வாசற்படிக்கு முன்னால் புல்லில் ஒரு மேடு. மேட்டின்மேல் அந்தச் சீர்ப்பாய். பனியில் அதன் இறகுகள் நனைந்திருந்தன. பின்னால் சுலியேத்தா, மருமகன், இன்னும் சில உறவுக்காரர்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு கட்டு விறகும் கொஞ்சம் அடுப்புக் கல்லும். எங்களைக் கொன்று சமைத்துக்கொண்டாலும் சரி, மன்னித்தாலும் சரி என்று பொருள். இதற்கு இஃபோங்கா என்று பேர். அடிபட்ட வீட்டார் வந்து பாயை எடுத்தால் பகை தீர்ந்தது. எடுக்காதவரை பாய்க்குள் மண்டியிட்டிருந்த இயாகோப்போ எழக் கூடாது.

சியாவோசி அண்ணன் ஓடிவந்து சேர்ந்தார். அவசரத்தில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். "எடுத்துருவோம் தங்கச்சி. பெரிய மனுஷன் மண்ணுல உக்காந்திருக்காரு. இதுக்கு மேல ஒருத்தர் என்ன செய்ய முடியும்?"

"அண்ணே, ஃபலனிகோ செத்தது இந்த வாசல்லயா?"

"இல்ல."

"அப்ப இவரு தப்பான வாசல்ல உக்காந்திருக்காரு."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்தது. "அப்படி ஒரு வழக்கமே இல்லம்மா. வீட்டு முன்னாடிதான் செய்வாங்க."

"கடைசியா என் தம்பிக்கு வீடா இருந்தது அந்தப் பெஞ்சுதான். அங்க வந்து உக்காரச் சொல்லுங்க. வந்தா யோசிக்கிறேன். வரலன்னா வெறகைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லுங்க. மழைக்கு ஆகும்."

பாய்க்குள்ளிருந்து இருமல் சத்தம் வந்தது. சுலியேத்தா முழங்காலால் நகர்ந்து வந்து எசேத்தாவின் பாவாடை ஓரத்தைத் தொட்டாள். "எங்க வேணாலும் வரச் சொல்றேம்மா. என் பொண்ணு மேல இருக்கற வாக்க எடுத்துரு" என்றாள். பிறகு பாயைப் பார்த்து, "எந்திரிங்க. நடங்க" என்றாள். அந்தக் குரலில் கெஞ்சல் இல்லை.

இப்படியாக டீக்கன் இயாகோப்போ பாயைத் தலையில் போர்த்திக்கொண்டு, மருமகன் கையைப் பிடித்து வழிகாட்ட, கோவாய் தெரு முழுக்க நடந்தார். தெருவே வாசலுக்கு வந்தது. வயசானவர்கள் கூடவே போய்க் கடைவரிசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். சாராயக்கடைக் கதவுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் அவர் மண்டியிட்டுப் பாய்க்குள் சுருண்டார். எசேத்தா பெஞ்சில் தம்பி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

ஒன்பது மணிக்குக் கடைக்காரப் பையன் ஷட்டரைத் தூக்கினான். அவன் எங்கள் ஆள் இல்லை. பாயைப் பார்த்து மிரண்டுபோய், "இது எவ்வளவு நேரம் இருக்கும் ஆன்ட்டி?" என்று கேட்டான்.

"உங்க கட்டடத்துக்காரரைக் கேளுப்பா. உள்ளதான் இருக்காரு."

அதற்குப் பிறகு நடந்ததை அவள் வரும்போதே யோசித்து வைத்திருந்தாளா, உட்கார்ந்த பிறகுதான் கண்டுகொண்டாளா என்று யாரும் சொல்ல முடியாது. பாய்க்குள் ஒருவர் மண்டியிட்டிருக்கும்போது அவரைத் தாண்டி எங்கள் ஆட்கள் நடக்க மாட்டார்கள். காரில் வந்து இறங்கிய முதல் ஆள் பாயைப் பார்த்ததும் கூனிக் குனிந்து, "துலோவ், துலோவ்" என்று மன்னிப்புக் கேட்டபடி பின்னாலேயே நடந்து காருக்குள் ஏறிவிட்டான். இரண்டாவது ஆளும் அப்படியே. விவரம் தெரியாத இளவட்டங்கள் வந்தால் தெருவில் உட்கார்ந்திருந்த கிழவர்கள் தடியால் தரையைத் தட்டினார்கள். சனிக்கிழமை, அதுவும் இந்த நாட்டில் பிப்ரவரி நல்ல வெயில் காலம். பெட்டி பெட்டியாகப் போகிற நாள். கல்லாவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான் பையன்.

செய்தி கேட்டு ஃபினாவு பஸ் ஏறி வந்துவிட்டாள். எசேத்தாவை இடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். "எங்க ஊர்ல இது கெடையாது. நல்லா இருக்கே! தெனம் உக்காரச் சொல்லு. நான் வேணா அரிசிச் சோறு கொண்டாறேன்."

"சும்மா இருடி."

"அந்த வெறகை வேற அங்கயே விட்டுட்டு வந்துட்டீங்க. தோதா இருந்திருக்கும்."

வெயில் ஏறியது. தார் ரோடு மினுமினுத்தது. தாழைநார்ப் பாய்க்குள் அனல் எப்படி இருக்கும் என்று எசேத்தாவுக்குத் தெரியும். உருளைக்குப் பக்கத்தில் நின்று வாழ்கிறவள் அவள். பாய் மெல்ல மெல்ல ஏறி இறங்கியது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லா வேகட்டும் என்றுதான் நினைத்தாள். அதை நினைப்பதில் அவளுக்குக் கூச்சமே இல்லை. அத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் முதுகை நிமிர்த்தி உட்கார முடிந்தது.

உச்சிவேளை தாண்டியதும் பாய் நடுங்க ஆரம்பித்தது. சுலியேத்தா எழுந்து வந்தாள். "அவருக்கும் சர்க்கரை இருக்கும்மா. ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. ஏதாவது குடுக்கணும்."

"குடுங்க. யாரு வேணாம்னா?"

சுலியேத்தா கடைவரிசையைப் பார்த்தாள். அநேகமாக வாழ்நாளில் முதல்தடவையாகச் சாப்பாட்டுக்காகப் பார்த்தாள். முதல் கதவைத் தாண்டி, கோழிக்கடைக்குள் போய் வெளியே வந்தாள். பேக்கரிக்குள் எட்டிப்பார்த்தாள். திரை போட்ட கதவு முன்னால் நின்று யோசித்துத் திரும்பி வந்தாள். "ஒரு பழம் கெடையாதா இங்க? ஒரு வாழப்பழம்?"

"இருந்துச்சு" என்றாள் எசேத்தா. "அந்த மொதக் கதவுல."

சுலியேத்தாவுக்கு வேறு வழி இருக்கவில்லை. சூட்டுப்பெட்டியிலிருந்து ஒரு பையும் ஒரு புட்டி சோடாவும் வாங்கிவந்து பாயின் ஓரத்தில் வைத்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய்க்கு அடியிலிருந்து கை வந்தது. மோதிரம் போட்ட, பருத்த, வியர்வையில் ஊறி வெளுத்த கை. காகிதத்தோடு அதை உள்ளே இழுத்துக்கொண்டது. மெல்லுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அதே கை மறுபடி வந்து தரையைத் தடவியது.

"டீக்கனய்யாவுக்கு சாஸ் வேணுமான்னு கேளுங்கப்பா" என்று யாரோ சொல்ல, பெஞ்சுக்குப் பின்னால் நின்ற பட்டறைக்காரர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள். இன்னொரு பை வந்தது. அதுவும் உள்ளே போயிற்று. பிறகு கோழி.

எசேத்தா எழுந்து போய்ப் பாய்க்கு எதிரில் தரையில் குந்தினாள். கொழுப்பு வாசனை உள்ளேயிருந்து அடித்தது.

"டீக்கனய்யா, சாப்பாடு எப்படி இருக்கு?"

உள்ளேயிருந்து கம்மிய குரல் வந்தது. "எசேத்தா, நான் ஒண்ணும் உன் தம்பி வாயில ஊத்தல."

"இல்ல. உங்க வாயிலயும் இப்ப யாரும் திணிக்கல."

"நான் வேற என்னம்மா செய்வேன்? இந்த எடத்துல வேற என்ன கெடைக்கும்?"

சொல்லி முடித்ததும் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டிருக்க வேண்டும். பாய் அசையாமல் நின்றுவிட்டது. சுலியேத்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க உக்காந்து அரை நாள் ஆகல" என்றாள் எசேத்தா. "அவன் தெனமும் ரெண்டு வேள இந்த நாலு கதவு முன்னாடி நின்னான். நொண்டிக்கிட்டு நின்னான். சந்து ஒண்ணுதான் அவனுக்கு இருந்துச்சு. வந்து கேட்டேன். பெஞ்சு இருக்கேன்னு சொன்னீங்க. பெஞ்சு எப்படி இருக்கு?"

"வேலிய எடுத்துர்றேன்."

"எப்ப?"

"இன்னைக்கே. இப்பவே எடுக்கச் சொல்றேன்."

மருமகன் போனை எடுத்துக்கொண்டு ஓடினான். கொஞ்ச நேரத்தில் வண்டியில் இரண்டு பேர் வந்தார்கள். கடைக்குப் பின்னாலிருந்து கம்பி அறுக்கிற சத்தம் கேட்டது. சக்கரம் கம்பியில் பட்டுக் கிரீச்சிடும் ஒவ்வொரு தடவையும் எசேத்தா கண்ணை மூடி மூடித் திறந்தாள். அறுத்த வேலியைச் சுருட்டி வண்டியில் ஏற்றுவதை ஃபினாவு போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஆச்சு, தெறந்தாச்சு" என்றாள்.

"கடை?" என்றாள் எசேத்தா, பாயைப் பார்த்து.

"அது குத்தகைம்மா. இன்னும் பல வருஷம் இருக்கு. நான் நெனச்சாலும் முடியாது."

"காய்கறிக்கடைக்காரங்கள மட்டும் நெனச்சதும் கெளப்ப முடிஞ்சுதே?"

பாயின் ஓரம் உள்ளே இழுபட்டது.

"அப்ப உக்காருங்க."

வெயில் சாய்ந்தது. பெஞ்சின் நிழல் பாய்மேல் விழுந்து, அதையும் தாண்டி நீண்டது. தெருவில் உட்கார்ந்திருந்தவர்களிடம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மதியம் சிரித்த ஆட்கள் இப்போது சிரிக்கவில்லை. சியாவோசி அண்ணன் வந்து அவள் முன்னால் நின்றார். கண் கலங்கியிருந்தது.

"தங்கச்சி, பொழுது சாஞ்சா நமக்குத்தான் கேவலம். ஃபலனிகோ எனக்கும் தம்பிதான். போதும்மா."

"உங்களுக்குப் போதும்னா நீங்க எடுங்கண்ணே. பட்டம் உங்களுது. நான் தடுக்கல."

"நீ எடுக்கணும்."

"என் கை வராது."

அவர் நின்று பார்த்தார். பிறகு தானே குனிந்து பாயின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். உள்ளே இயாகோப்போ வெள்ளைக் கோட்டு நனைந்து உடம்போடு ஒட்ட, முட்டியில் கையூன்றி, மோவாயெல்லாம் எண்ணெய் மினுங்க, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினார். சுற்றிலும் காகிதங்கள். பார்வைக்கு அந்தப் பெஞ்சில் தினமும் உட்காருகிற யாரோ ஒரு ஆள் மாதிரிதான் இருந்தார். அவர் கூட்டத்தில் எசேத்தாவைத் தேடினார். வழக்கப்படி அவள் மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சுலியேத்தா கைகூப்பி நின்றாள்.

எசேத்தா முகத்தைத் திருப்பி ரோட்டைப் பார்த்தாள்.

"வாக்கு?" என்றாள் சுலியேத்தா, காற்றாகிப்போன குரலில்.

"உன் பொண்ணு மேல இல்ல. அவ கொழந்தய நல்லபடியாப் பெத்து எடுக்கட்டும், அவள விட்டுட்டேன். ஆனா இந்தாளு மேல போட்டத எடுக்க மாட்டேன். அது என்கூடவே சாகட்டும்."

சொல்லிவிட்டு நடந்தாள். ஃபினாவு அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். பாய் தூக்கிய பிறகு செய்கிற விருந்து அன்றைக்கு இல்லை. அவர்கள் கோவாய் தெரு முனையைத் திரும்பும்போது சாராயக்கடை முன்னால் ஒரு கார் வந்து நின்றது. அதன் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு கார்.

திங்கட்கிழமை எசேத்தா வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பினாள். சந்தில் அறுத்த கம்பத்தின் அடிக்கட்டைகள் தரையோடு பளபளத்தன. லாரி போய்ப் போய் மண் குழைந்திருந்தது. செருப்பில் சேறு ஒட்ட ஒட்ட மெதுவாகவே நடந்தாள். தம்பி நொண்டிய நடைக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள். நடக்கும்போது ஒரு கடை வாசனைகூட வரவில்லை. எங்கோ ஈரமான புல்லின் வாசனைதான். பள்ளிக்கூடத்துச் சுவர் ஓரமாக வெளியே வந்து கம்பத்தடியில் நின்றாள்.

அவளுடைய எண் போட்ட பஸ் வளைவில் தெரிந்தது. கையைக் காட்டினாள். டிரைவர் வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து மேலே காட்டினார். அவள் அண்ணாந்து பார்த்தாள். கம்பத்தில் பஸ் நிறுத்தப் பலகை இல்லை. பலகை இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டை மட்டும். வேலி போட்ட பிறகு இங்கே ஏற ஆள் வரவில்லை என்று எடுத்துவிட்டார்களாம். டிரைவர் முன்பக்கத்தைக் கைகாட்டிவிட்டுப் போனார்.

பஸ் கடை வாசலில் மட்டும்தான் நிற்கிறது.